புளியங்கொட்டைக் குடம்

ஒரு கேள்வி வந்தால் நின்ற இடத்திலிருந்தே பதில் சொல்லிவிடுவது என் பிறவிக் குணம். வீட்டில் இதை வாய்க்கொழுப்பு என்றார்கள். நான் வேதியியல் எடுத்த பெண்கள் பள்ளியில் இதையே அறிவு என்றார்கள். எவள் எழுந்து என்ன கேட்டாலும் சாக்பீஸைக் கீழே வைக்காமல் பதில் சொல்வேன். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் பிழைப்பில் மண் அள்ளிப் போட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. எழுதினால் சரியாகிவிடும் என்று நம்பி இதை எழுதவில்லை.

திண்டுக்கல்லில் தண்ணீர் வரும் நாள் என்றால் ஆட்களுக்கு முன்னால் குடங்கள் போய் வரிசையில் நிற்கும். எங்கள் தெருவில் குடத்தை வைத்துத்தான் ஆளையே சொல்வோம். "பச்சைக் கொடத்தக் காணோமே, காய்ச்சல் கீச்சலா?" என்று விசாரிப்பார்கள். கல்யாணத்துக்கு வராதவளை மன்னிப்பார்கள், வரிசையில் குடத்தை நகர்த்தி வைத்தவளை மன்னிக்க மாட்டார்கள்.

என் அண்ணன் குடம் செய்கிறவன். நத்தம் போகிற ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரே ஒரு மெஷின். பிளாஸ்டிக் குருணையை உருக்கி அது சுடச்சுடக் குழாயாக இறக்கும். இரண்டு பக்கமும் அச்சு வந்து கவ்விக்கொள்ளும். உள்ளே காற்றை ஊதினால் குடம். தொண்ணூறுகளின் கடைசியில் குருணை விலை ஏற ஏற அண்ணன் குடத்தை மெல்லிசாக்கிக்கொண்டே போனான். கடைசியில் தண்ணீர் பிடித்து இடுப்பில் வைத்தால் நெளிகிற அளவுக்கு ஆகிவிட்டது.

"பாப்பா, நம்ம கொடத்துக்கு முதுகெலும்பே இல்லைன்னு சொல்றாளுக" என்றான் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது. அவனுக்கு நான் இன்னும் பாப்பா. வயது முப்பத்திரண்டு.

நான் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே பதில் சொன்னேன். "பிளாஸ்டிக்கோட நாரு, தூளு ஏதாச்சும் கலந்தா விறைப்பு வரும்ணே. மரத்தூளு, உமி, தேங்கா நாரு, எதுன்னாலும் சரி. மண்ணு சுவத்துல வைக்கோல் போடுறோம்ல, அந்த மாதிரி."

கல்லூரியில் படிக்கும்போது ஏதோ ஒரு பத்திரிகையில் ஒன்றரைப் பக்கம் படித்திருந்தேன். அவ்வளவுதான் என் சரக்கு. ஆனால் அண்ணன் பத்தாவதோடு நின்றவன். தங்கச்சி சொன்னால் அது மாதா கோயில் பூசையில் வாசிக்கிற வாசகம் மாதிரி அவனுக்கு. மறுநாளே ஒரு மூட்டை உமியை அரைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

உமி போட்ட குடம் விறைப்பாகத்தான் வந்தது. ஆனால் உமிக்குள் மணல் மாதிரி ஒரு சத்து உண்டு. அது மெஷினுக்குள் சுற்றுகிற இரும்பு ஸ்குரூவையே அரம் போட்டு ராவிவிட்டது. அடுத்து தேங்காய் நார்த் தூளைப் போட்டான். எத்தனை வெயிலில் காய வைத்தாலும் அது ஈரத்தை விடாது. மெஷின் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, குடம் முழுக்க அம்மை போட்டமாதிரி கொப்புளம். கொட்டகையில் வேலை செய்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அண்ணன் என்னைத் திட்டவில்லை. "அடுத்து எதப் போடலாம் பாப்பா?" என்றுதான் கேட்டான்.

அடுத்ததை அவனேதான் கண்டுபிடித்தான். நத்தம் பக்கம் புளி உடைக்கிற காலத்தில் கொட்டை குவிந்து கிடக்கும். அதை வறுத்து, இடித்து, உள்ளே இருக்கும் வெள்ளைப் பருப்பை மட்டும் நெசவுக் கஞ்சிக்கு மாவாக்க அனுப்புவார்கள். சிவந்த தோலை யாரும் சீண்ட மாட்டார்கள். சும்மாவே அள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள் என்று டெம்போ பிடித்துக் கொண்டுவந்து இறக்கினான்.

அந்தச் சனிக்கிழமைகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. கொட்டகைக்குப் பின்னால் தகரத்தின் மேல் தோலைப் பரப்பிக் காய வைப்போம். அரைத்து, பழைய வேட்டித் துணியில் சலிப்போம். "ஈரம் இருக்கக்கூடாதுண்ணே, துளி ஈரம் இருக்கக்கூடாது" என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். ஈரத்தைப் பற்றி அவ்வளவு யோசித்தவள் தண்ணீரைப் பற்றி யோசிக்கவே இல்லை. நாங்கள் செய்தது தண்ணீர்க் குடம்.

மெஷினில் ஏற்றியதும் கொட்டகை முழுக்கப் புளியங்கொட்டை வறுத்த வாசம். குடம் கருஞ்சிவப்பாக, சன்னப் புள்ளிகளோடு வந்து விழுந்தது. சூடு ஆறியதும் அண்ணன் அதைக் கவிழ்த்துப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, மேலே ஏறி நின்றான். குடம் அசையவில்லை. மேலே நின்றபடியே அழுதுவிட்டான்.

"எம்புட்டுப் போடலாம் பாப்பா?"

"தாங்குற வரைக்கும் போடுண்ணே" என்றேன், நின்ற இடத்திலிருந்தே.

முதலில் எங்கள் தெருவில் மட்டும்தான் விற்றுப் பார்த்தோம். நெளியாத குடம், வரிசையில் தூரத்திலிருந்தே தெரிகிற மெரூன் நிறம். டீச்சர் கண்டுபிடித்த குடம் என்று பேரே வந்துவிட்டது. நான் அதை ஒருதடவைகூட மறுக்கவில்லை. அண்ணனோ முதலில் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டவன், குடம் தாங்குகிறது தாங்குகிறது என்று கூட்டிக்கொண்டே போய், கடைசியில் மூன்றில் ஒரு பங்கு தோல் தூளாகவே போட ஆரம்பித்திருந்தான். எனக்கு அது தெரியாது. நானும் கேட்டதில்லை.

இங்கே வால்வுக்காரரைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருக்கோடியில் குடியிருந்தார். தண்ணீர் திறந்துவிடுகிற காண்ட்ராக்டரிடம் தினக்கூலி. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். தெருமுனைக் குழிக்குள் அதை இறக்கித் திருகினால் எங்களுக்குத் தண்ணீர். கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு தெருவுக்கும் ஒரே அளவு நேரம் விடுவார். ஒரு நிமிஷம் கூட்டிக் கேட்டாலும் கிடைக்காது, யார் என்ன கொடுத்தாலும் வாங்கமாட்டார். அவர் மனைவி எங்களோடு சேர்ந்து வரிசையில் நிற்பார், கடைசியாக வந்தால் கடைசியில். "தண்ணி விசயத்துல எம் பொண்டாட்டிக்கும் ஊருக்கும் ஒரே நீதி டீச்சர்" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்துவார். அந்த மனிதரிடம் இருந்த சொத்து அந்தப் பேர் ஒன்றுதான். அடுத்த வருஷம் வேலையை நிரந்தரமாக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷத்தில் மழை சுத்தமாக ஏமாற்றியது. மூன்று நாளைக்கு ஒருமுறை வந்த தண்ணீர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஆயிற்று. மூன்று நாள் தண்ணீர் நின்ற குடத்தில் இனிமேல் பதினைந்து நாள் நிற்கும். இந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கே மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒரு வியாழக்கிழமை காலை. நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது. ஓடினேன். மூடி வைத்திருந்த கடைசிக் குடத்தை அன்றைக்குத்தான் திறந்து, அரிசி களைய எவர்சில்வர் சட்டியில் ஊற்றியிருக்கிறாள். பால் விடாத டீ மாதிரி சிவப்பாகத் தண்ணீர். கருஞ்சிவப்புக் குடத்துக்குள் இருக்கும்வரை நிறம் கண்ணுக்குத் தெரியவில்லை. வெள்ளைச் சட்டியில் விழுந்ததும் ரத்தம் மாதிரித் தெரிந்தது.

அடுத்த பத்து நிமிஷத்தில் தெருவே குடத்தைச் சாய்த்துப் பார்த்தது. எல்லா வீட்டிலும் சிவப்பு. "நாலு நாளாவே லேசா இருந்துச்சு, கொழாத் துருன்னு நெனச்சேன்" என்றாள் ஒருத்தி. குழந்தைக்கு அந்தத் தண்ணீரில்தான் பால் பவுடர் கரைத்தேன் என்று இன்னொருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். யாரோ அந்த வார்த்தையைச் சொன்னார்கள்: "தோல் ஷாப்புத் தண்ணி."

திண்டுக்கல்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தோல் பதனிடுகிற இடங்களிலிருந்து வெளியேறும் தண்ணீர் எங்களுக்குக் குழந்தையிலிருந்தே பழக்கம். அதன் நிறமும் இதே நிறம்தான். ஆவாரம் பட்டையில் ஊறிய சிவப்பு. எத்தனை கிணறு அதனால் கெட்டுப் போயிருக்கிறது என்று ஆளுக்கு ஒரு கணக்கு வைத்திருப்போம். அணைத் தண்ணீர் போதாமல் ஏதோ ஒரு தோல் ஷாப்புக் கிணற்றுத் தண்ணீரைக் கலந்துவிட்டார்கள், வால்வுக்காரன் காசு வாங்கிக்கொண்டான் என்று பேச்சு தெரு இந்த முனையில் பிறந்து அந்த முனைக்குப் போவதற்குள் முழு உண்மையாகிவிட்டது.

அவரை வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். சட்டைப் பொத்தான்கூட முழுசாகப் போடவில்லை. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"செத்த நேரம் நான் சொல்றதக் கேளுங்க. எங்க வீட்டு அண்டாவுல அதே அன்னைக்குப் பிடிச்ச தண்ணி இருக்கு. கண்ணாடியாட்டம் இருக்கு. கொடத்துல பிடிச்சதுதான் செவந்திருக்கு. வந்து பாருங்க, இந்த மெரூன் கொடத்துல மட்டுந்தான்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். குடம் எங்களுடையது என்பதால் அல்ல. நான் டீச்சர் என்பதால். அதைத்தான் இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அவர்கள் என்னைச் சந்தேகிக்கவே இல்லை, தீர்ப்புக் கேட்டார்கள்.

"டீச்சர், கொடத்துலருந்து சாயம் எறங்குமா?"

"பிளாஸ்டிக் தண்ணியில கரையாது" என்றேன். "எத்தனை வருசம் ஊறினாலும் கரையாது."

பொய் சொல்லவில்லை. பிளாஸ்டிக் கரையாதுதான். அதில் மூன்றில் ஒரு பங்கு பிளாஸ்டிக்கே இல்லை என்பதை என் புத்தி அந்த நிமிஷம் எடுத்துக் கொடுக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது. நான் வாயை மூடுவதற்குள் அவர் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை. தடுக்கத் தூக்கிய கையிலிருந்து அவருடைய கைக்கடிகாரம் தெறித்து என் காலடியில் வந்து விழுந்தது. அவர் என்னைத்தான் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். புரியாமல் பார்த்தார்.

அதற்குள் பெண்கள் குடங்களைத் தூக்கிவந்து சாக்கடையில் கவிழ்த்தார்கள். பதினைந்து நாள் காத்திருந்து பிடித்த தண்ணீர். அந்த வறட்சியில், சாக்கடை சிவப்பாக ஓடியது. நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

கிளம்பும்போது எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரை வாங்கிக்கொண்டேன். எதற்கு? தோல் ஷாப்பின் மேல் குற்றத்தை நிரூபிக்க. அந்த அளவுக்கு எனக்கு என் மேல் நம்பிக்கை.

மத்தியானம் ஆய்வகத்தில் யாரும் இல்லை. சோதனைக் குழாயில் கொஞ்சம் தண்ணீரை ஊற்றி ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டேன். மை மாதிரிக் கறுத்தது, ஓரத்தில் கொஞ்சம் பச்சை. மரப்பட்டை, கொட்டை இவற்றிலுள்ள துவர்ப்புச் சத்துக்கு நாங்கள் வகுப்பில் செய்து காட்டுகிற சோதனைதான். பட்டைச் சத்து இருக்கிறது, ஆகவே ஆவாரம் பட்டை, ஆகவே தோல் ஷாப்பு. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கலெக்டருக்கு மனு எழுதுவதற்கு மனசுக்குள் வாக்கியம்கூடக் கோக்க ஆரம்பித்துவிட்டேன்.

பாட்டிலை மூடும்போதுதான் மூக்கில் அடித்தது. அழுகல் இல்லை, தோல் நாற்றம் இல்லை. வறுத்த புளியங்கொட்டை வாசம், சன்னமாக. கொட்டகையில் சனிக்கிழமைதோறும் நான் மூச்சில் இழுத்த வாசம்.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பள்ளிச் சமையலறைக்கும் எங்கள் மெரூன் குடம் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தேன், உபயோகிக்காமல் மூலையில் கிடந்தது. எடுத்துவந்து, வாலை வடிநீரைக் கொதிக்கவைத்து ஊற்றினேன். அதில் அணை கிடையாது, குழாய் கிடையாது, தோல் ஷாப்பு கிடையாது. கடைசி மணி அடிக்கும்போது சாய்த்துப் பார்த்தேன். டீ நிறம். ஒரு சொட்டு விட்டேன். கறுத்தது.

சாயங்காலம் கொட்டகைக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். அவன் முதலில் சிரித்தான். பிறகு கைப்பிடித் தூளை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கிக் காட்டினேன். சிரிப்பு நின்றது.

"விசமா பாப்பா?"

"விசமில்லண்ணே. துவர்ப்பு, அம்புட்டுதான். டீயிலயும் இருக்கு, பாக்குலயும் இருக்கு. ஆனா அந்த மனுசன அடிச்சுட்டாங்கண்ணே."

"ரெண்டு நாள் பொறு" என்றான். "கொடத்தையெல்லாம் திரும்ப வாங்கிர்றேன். இப்பச் சொன்னா கொட்டகைக்குத் தீ வச்சிருவானுக. ஞாயித்துக்கிழமை நானே சொல்றேன்."

சரி என்றேன். அண்ணனுக்காகத்தான் சரி சொன்னேன் என்று ரொம்ப நாள் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் பயந்தது கொட்டகைக்கு. நான் பயந்தது டீச்சர் என்கிற சொல்லுக்கு. எல்லோர் முன்னாலும் தப்பாகச் சொன்னேன் என்று ஒத்துக்கொள்வது என்னால் நினைத்துப் பார்க்க முடியாததாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வால்வுக்காரரின் மனைவி வந்தார். காண்ட்ராக்டர் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாராம். அவர் வெளியே வராமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாராம்.

"டீச்சரம்மா, நீங்க சொன்னா ஊரு கேக்கும். அவரு காசு வாங்குற ஆளு இல்லன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிருங்க. கொடத்தப் பத்தி அவரு சொன்னது தப்பாவே இருந்துட்டுப் போகட்டும்."

நான் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். எங்கள் வீட்டு எவர்சில்வர் அண்டாவிலிருந்து தெளிந்த தண்ணீரை மொண்டு காப்பி போட்டேன். ஊருக்கெல்லாம் பிளாஸ்டிக் குடம் விற்றோம், எங்கள் வீட்டில் எவர்சில்வர். "பாக்குறேன்" என்று சொல்லி அனுப்பினேன். கடவுளே, பாக்குறேன் என்று சொன்னேன்.

சனிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் முழுவதையும் சொன்னேன். மரத் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார், "இத ஏம்மா எங்கிட்ட மொதல்ல சொல்ற? அந்த ஆளுகிட்டப் போ" என்றார். பரிகாரமாக ஐம்பத்துமூன்று மணி செபமாலை சொல்லச் சொன்னார். செபமாலையை அங்கேயே முழங்காலில் நின்று முடித்துவிட்டேன். அந்த ஆளிடம் போகவில்லை. பாதிப் பாரம் இறங்கிவிட்டது போல நடந்து வீட்டுக்கு வந்தேன். என் வெட்கங்கெட்ட மனசு அன்றைக்கு நன்றாகத் தூங்கியது.

அண்ணன் இரண்டு நாளும் வீடு வீடாகப் போனான். அச்சு பழசாகிவிட்டது, புதுக் குடம் தருகிறேன் என்று நீலக் குடத்தைக் கொடுத்து மெரூன் குடத்தை வாங்கினான். தண்ணீர் கெட்ட கோபத்தில் இருந்தவர்களுக்குச் சும்மா ஒரு குடம் கிடைத்தது சந்தோஷம். வந்ததையெல்லாம் அன்றன்றைக்கே உடைத்து உருக்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தெருவுக்கு லாரித் தண்ணீர் வந்தது. தெரு முழுக்க நீலக் குடங்கள். அண்ணன் வரவில்லை. வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டான். நான் இரண்டு கண்ணாடி ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றதில் புளியங்கொட்டைத் தோல் ஊறிய தண்ணீர். வரிசையின் நடுவில் நின்று சொன்னேன். குடத்தில் என்ன கலந்தோம், எதனால் சிவந்தது, அவர் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. எல்லாவற்றையும் சொன்னேன்.

எதிர்வீட்டு அக்கா தன் நீலக் குடத்தை லாரிக் குழாய்க்கு அடியில் நகர்த்தி வைத்தாள். பிறகு சொன்னாள்: "பாவம், டீச்சருக்கு எளகின மனசு. அவன் பொண்டாட்டி வந்து அழுதுட்டுப் போனால்ல."

எனக்குப் புரியவே இல்லை. "இல்லக்கா, நான் சோதிச்சுப் பாத்தேன்."

"அந்த ஆளுக்கு வேல வாங்கிக் குடுக்க இம்புட்டுப் பெரிய பழியத் தூக்கித் தலையில போட்டுக்கிறீங்களே டீச்சர். கொடம் இருந்தாக் காட்டுங்க, ஊத்திப் பாத்துருவோம்."

குடம் இல்லை. ஒன்றுகூட இல்லை. பள்ளியில் இருந்ததைக்கூட அண்ணன் ஆள் விட்டு வாங்கிப்போயிருந்தான். ஜாடியை நீட்டினேன். அதில் நானே எதையோ கரைத்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்றார்கள், உண்மைதானே அது. நான் தப்பாகச் சொன்னதை ஒரே வாக்கியத்தில் நம்பினவர்கள், சரியாகச் சொன்னபோது சாட்சி கேட்டார்கள்.

அங்கிருந்து நேராக வால்வுக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து ஷேவ் செய்துகொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கத்தியைக் கழுவிக்கொண்டே இருந்தார். உள்ளே திரும்பி மனைவியிடம் டீச்சருக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். டம்ளரில் சிவப்புத் தண்ணீர் வந்தது.

உள்ளே எட்டிப் பார்த்தேன். மூலையில் மெரூன் குடம். எங்கள் அண்ணன் அந்த வீட்டு வாசலை மட்டும் மிதிக்கத் துணியவில்லை போலிருக்கிறது.

"நாங்க கீழ ஊத்தல டீச்சர்" என்றார். "வால்வு தொறக்குறவன் வீட்டுல தண்ணிய ஊத்துவாகளா? அண்டாத் தண்ணி தீந்துபோச்சு, இதக் குடிக்கிறோம். ஒன்னும் செய்யாதுல்ல?"

"செய்யாது."

"அப்பக் குடிங்க."

நஞ்சில்லை என்று உலகத்தில் யாரைவிடவும் எனக்குத் தெரியும். ஆனாலும் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனபோது கை தயங்கியது. அவர் அதைப் பார்த்தார். மடக்கென்று குடித்தேன். நாக்கு முழுக்கத் துவர்த்தது.

"எனக்கு ஒன்னே ஒன்னுதான் வெளங்கல" என்றார். "பள்ளிக்கூடத்துல போயி சோதிச்சேன்னு சொல்றீங்க. அதெல்லாம் எதுக்கு? அன்னைக்குக் கூப்பிட்டேன்ல. நாலு எட்டு வச்சு வந்து எங்க அண்டாவ எட்டிப் பாத்திருந்தாப் போதுமே."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் குடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்த் தெருவில் காட்டுகிறேன் என்றேன். "எதுக்கு டீச்சர், இனிமே காட்டி என்ன ஆகப்போகுது, அதுவும் எங்களுக்கு இருக்குறது ஒரு கொடம்" என்று அவர் மனைவி சொன்னார். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும்.

காண்ட்ராக்டரிடமும் போய்ச் சொன்னேன். "வேற ஆளு போட்டாச்சும்மா" என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அண்ணன் புளியங்கொட்டைத் தோலை விடவில்லை. கொஞ்ச நாள் கழித்து, தோலை அரைக்கும் முன்னால் வேகவைத்து மூன்று தண்ணீர் வடித்துப் பார்த்தோம். சாயம் முழுக்க வடிதண்ணீரோடு போய்விட்டது. குடத்தில் எத்தனை நாள் தண்ணீர் நின்றாலும் நிறம் மாறவில்லை. கசப்பான கிழங்கை வேகவைத்து வடிக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பாள். நான் யாரையும் கேட்கவில்லை.

ஒரு வருஷம் போயிருக்கும். வால்வுக்காரருக்கு வேறெங்கும் வேலை கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு தோல் ஷாப்பில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். கணுக்கால் வரைக்கும் பட்டைத் தண்ணீரின் சிவப்பு ஏறியிருந்தது. "நல்லாருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டார். அவர்தான் என்னைக் கேட்டார்.

அந்த வாரம் தண்ணீர் வரிசையில் அதே பேச்சு. "பாத்தீங்களா, காசு குடுத்தவன்கிட்டயே வேலைக்குச் சேந்துட்டான். அன்னைக்கு டீச்சரு எம்புட்டு வக்காலத்து வாங்குனாக." பிறகு எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "இப்ப என்ன சொல்றீங்க டீச்சர்?"

நின்ற இடத்திலிருந்து பதில் சொல்லவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு நடந்தேன். அவர் வீட்டிலிருந்து அந்த மெரூன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, எல்லோர் கண் முன்னாலும் தண்ணீர் ஊற்றி வைத்துக் காட்டுவது என்று முடிவு செய்தேன். தெருக்கோடி வரை எண்ணிக்கொண்டே போனேன். அவர் சொன்ன நாலு எட்டு, சரியாக நாற்பத்தாறு எட்டு.

வீட்டில் பூட்டு. பேச்சுத் தாங்காமல் இரண்டு நாளைக்கு முன்னால் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள், பாலசமுத்திரம் பக்கம் ஏதோ தோப்புக் காவலுக்கு என்றார்கள். பக்கத்து வீட்டு அம்மா உள்ளே போய்க் குடத்தை எடுத்து வந்தார். "டீச்சர் ஒருநா வருவாக, வந்தா இதக் குடுத்துருங்கன்னு சொல்லிட்டுப் போனாக."

நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். தெருக் குழாயில் எல்லோர் முன்னாலும் நிறையப் பிடித்தேன். எங்கள் வாசலிலேயே வைத்து, பதினைந்து நாள் கழித்து வந்து பாருங்கள் என்றேன். பதினைந்தாம் நாள் காலை தெருவே வந்து நின்றது. எவர்சில்வர் சட்டியைக் கீழே வைத்துக் குடத்தைச் சாய்த்தேன்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி விழுந்தது. அடியில் இருந்த பூ வேலைப்பாடு தெளிவாகத் தெரிந்தது. யாரோ சிரித்தார்கள், யாரோ பாவப்பட்டார்கள், எல்லோரும் கலைந்து போனார்கள். நான் சட்டியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தேன். காரணம் எனக்குத் தெரியும், அந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு குடத்தில் இறங்குவதற்கு இருக்கிற சாயம் கொஞ்சம்தான். ஒரு வருஷமாக அதில் இருந்த சிவப்பு முழுவதையும் அவர்கள் வீட்டார் குடித்து முடித்திருந்தார்கள்.